எழுத்தில் கொடுங்கள், டீச்சர்!

குழந்தையின் வளர்ச்சி சரியாகப் போகிறதா என்று பார்க்க ஒரு தாளும் ஒரு பென்சிலும் போதும் என்று நாட்டுக்குக் காட்டிய ஊர் திருவனந்தபுரம். இங்கே மருத்துவக் கல்லூரி வளாகத்தில் குழந்தை வளர்ச்சி மையம் இருக்கிறது. அதன் நிறுவனர் டாக்டர் எம்.கே.சி. நாயரும் அவர் குழுவினரும் 1991-ல் வெளியிட்ட ‘திருவனந்தபுரம் வளர்ச்சி அட்டவணை’யில் மொத்தமே 17 வரிகள். முகம் பார்த்துச் சிரிக்கிறதா, தலை நிற்கிறதா, மணியோசைக்குத் திரும்புகிறதா, இரண்டு வார்த்தை சொல்கிறதா, பொம்மையின் கண், மூக்கைத் தொட்டுக் காட்டுகிறதா... ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டை. அடியில் மாதக் கணக்கு. குழந்தைக்கு எத்தனை மாதமோ அந்த இடத்தில் பென்சிலை நெட்டுக்குத்தாக வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்பக்கமே முடிந்துவிட்ட பட்டைகளில் ஏதாவது ஒன்றைக் குழந்தை இன்னும் செய்யவில்லை என்றால், உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டும். பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை. அங்கன்வாடி ஊழியரே சில நிமிடங்களில் பார்த்துவிடலாம்.

இந்த அட்டவணையோடு நகரம் நின்றுவிடவில்லை. 1997-ல் தொடங்கி, இப்போது ஆக்குளத்தில் இயங்கும் ‘நிஷ்’ நிறுவனம் காது கேளாத குழந்தைகளுக்கான வேலையில் ஆரம்பித்து, இன்று ஆட்டிசக் குழந்தைகளுக்கும் சிகிச்சையும் பயிற்சியும் தருகிறது. டெக்னோபார்க்கின் முதல் தலைமை நிர்வாகியான ஜி. விஜயராகவன் தொடங்கிய ‘கேடர்’ ஆட்டிசத்துக்காகவே இயங்குகிறது. உள்ளாட்சி அமைப்புகள் நடத்தும் ‘பட்ஸ்’ சிறப்புப் பள்ளிகளில் முதலாவது 2004-ல் உருவானது இந்த மாவட்டத்தின் வெங்ஙானூர் பஞ்சாயத்தில்தான். களியக்காவிளையைத் தாண்டி நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கமிருந்து கைக்குழந்தையோடு பஸ் ஏறும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்த ஊர் ஆஸ்பத்திரிகள் பழக்கமானவை. 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர், திரு-கொச்சி என ஒரே ஆட்சியின் கீழ் இருந்த சனங்கள் அல்லவா?

ஆக, கண்டுபிடிக்கிற வேலையில் குறையில்லை. ஐந்து வயதில் அந்தக் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நிற்கும்போதுதான் தாய் தகப்பனுக்குத் தலை சுற்றுகிறது.

எழுத்தில் வராத வார்த்தைகள்

யாரும் ‘உங்கள் குழந்தையைச் சேர்க்க மாட்டோம்’ என்று நேராகச் சொல்வதில்லை. சொல்லும் விதமே வேறு. ‘மோனுக்கு ஏத்த நல்ல ஸ்கூல் வேற இருக்கே. இங்கே இருந்தா அவனுக்குத்தான் கஷ்டம்.’ ‘மத்த பேரன்ட்ஸ் கம்ப்ளெயின்ட் பண்றாங்க, நான் என்ன செய்யட்டும்?’ ‘கொஞ்ச நாள் பதினொரு மணிக்கே கூட்டிட்டுப் போயிடுங்க.’ ‘ஆண்டு விழா அன்னிக்கு வர வேண்டாமே, சத்தம் ஜாஸ்தி.’ எல்லாம் வாய்ப்பேச்சு. எல்லாம் கரிசனத்தோடு சொல்லப்படுபவை. கடைசியில் ஒருநாள் பெற்றோரே மனம் வெறுத்து டி.சி. கேட்டு எழுதிக் கொடுக்கிறார்கள். பள்ளிக் கோப்பில் இருக்கும் ஒரே கடிதம் அதுதான்: ‘சொந்தக் காரணங்களால்’ பிள்ளையை மாற்றுகிறோம் என்று பெற்றோர் கையெழுத்திட்ட கடிதம். பிறகு எந்த ஆணையத்துக்குப் போனாலும் பள்ளி அதை எடுத்து நீட்டும்.

வாயால் சொன்னதைக் காகிதத்துக்குக் கொண்டுவருவதுதான் இந்தப் போராட்டத்தில் பாதி வேலை. மீதிப் பாதி, எதைக் கேட்பது என்று தெரிந்திருப்பது.

அதற்கு 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 16-வது பிரிவு ஒன்றை மட்டும் படித்தால்கூடப் போதும். அரசு நிதி பெறும் பள்ளிகள் மட்டுமல்ல, அங்கீகாரம் பெற்ற எல்லாப் பள்ளிகளும் இதற்குள் வருகின்றன, சி.பி.எஸ்.இ. தனியார் பள்ளியும் தப்ப முடியாது. பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் குழந்தைக்கு என்ன தேவையோ அதற்கேற்ற வசதியைச் செய்துதர வேண்டும். தனிப்பட்ட ஆதரவு தர வேண்டும். கற்றல் குறைபாட்டை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்து, பாடம் நடத்தும் முறையை மாற்ற வேண்டும். ஒவ்வொரு மாற்றுத்திறனாளி மாணவரின் முன்னேற்றத்தையும் கண்காணிக்க வேண்டும். எல்லாம் அச்சில் இருக்கிறது. பள்ளிகள் இவற்றைச் செய்ய அரசு ‘முயல வேண்டும்’ என்று மென்மையாகத் தொடங்குவது இந்தப் பிரிவின் பலவீனம்; வக்கீல்கள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வாதாடலாம். ஆனால் 89-வது பிரிவு அபராதம் பேசுகிறது: முதல்முறை மீறினால் 10,000 ரூபாய் வரை, மறுபடியும் மீறினால் 50,000-லிருந்து 5 லட்சம் வரை.

கடிதம் எப்படி இருக்க வேண்டும்? ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. சண்டை தொனி வேண்டாம், அழுகையும் வேண்டாம். தேதி, வகுப்பு, பரிசோதனை அறிக்கையின் நகல், அதற்குக் கீழே இரண்டு மூன்று கோரிக்கைகள். ‘முன் பெஞ்சில், ஜன்னலுக்குத் தள்ளி இடம் வேண்டும். கரும்பலகையில் எழுதுவதைப் பிரதி எடுக்க நேரம் தர வேண்டும், அல்லது போட்டோ எடுக்க அனுமதிக்க வேண்டும். பெல் அடிக்கும் நேரத்தில் காதை மூடிக்கொண்டால் தண்டிக்கக் கூடாது.’ இப்படிக் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடியவையாக இருக்கட்டும். ‘அன்பாக நடத்துங்கள்’ என்று எழுதினால் நடத்துகிறோம் என்று பதில் வரும்; அதோடு விஷயம் முடிந்துவிடும். கடைசி வரியில் ‘பதிலை எழுத்தில் தரவும்’ என்று கேளுங்கள். அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். நேரில் பேசிவிட்டு வந்தால், அன்று மாலையே ‘இன்று நாம் பேசியது இது’ என்று நாலு வரி ஈமெயில் அனுப்பிவிடுங்கள். வாய்ப்பேச்சுக்கு அது ஒன்றுதான் மருந்து.

பதில் வராவிட்டால்? கல்வி உரிமைச் சட்டத்தின் 32-வது பிரிவுப்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் புகார் தரலாம். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதற்கு மேல் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் தனியாகவும் போகலாம். இரண்டுமே தலைநகரில் இருப்பது இந்த ஊர்ப் பெற்றோருக்கு ஒரு சௌகரியம். காசர்கோட்டிலிருந்து வருகிறவர் ஒரு ராத்திரியை ரயிலில் கழிக்க வேண்டும்.

நாற்பது என்ற சுவர்

பெற்றோரைப் பள்ளி மடக்குவதற்கு ஒரு கேள்வி தயாராக இருக்கும்: ‘சர்டிபிகேட் இருக்கா?’

ஆட்டிசத்தை அளக்க இந்தியாவிலேயே உருவாக்கிய அளவுகோல் ஒன்று உண்டு. 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70-ஐத் தொட்டால் ஆட்டிசம். தொடாவிட்டால் கணக்கில் இல்லை. சலுகைகளில் பெரும்பாலானவை, குறைபாடு 40 சதவீதம் என்ற கோட்டைத் தொட்டவர்களுக்கு. 18 வயது வரை இலவசக் கல்வி என்று 31-வது பிரிவு சொல்வதும் அவர்களுக்குத்தான். பரிசோதனை அன்று குழந்தை நன்றாகத் தூங்கி எழுந்து, நல்ல மனநிலையில் டாக்டரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டால் மதிப்பெண் இறங்கிவிடும். பிள்ளை நன்றாக நடந்துகொண்டதற்காக அம்மா கவலைப்படும் இடம் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

கவனச் சிதறலும் மிகைத் துறுதுறுப்பும் உள்ள ஏடிஎச்டி குழந்தைகளின் நிலை இன்னும் மோசம். சட்டத்தின் அட்டவணையில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் இருக்கின்றன. ஏடிஎச்டி தனியாக இல்லை. ‘சேட்டைக்காரன்’, ‘வளர்ப்பு சரியில்லை’ என்ற இரண்டு பட்டங்களோடு அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்பு வரை வந்து சேர வேண்டும்.

ஆனால் 40 சதவீதச் சான்றிதழ் இல்லாவிட்டால் எதுவுமே கிடையாது என்று பள்ளி சொன்னால், அது சட்டம் அல்ல. உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோயுள்ள ஒருவருக்கு, 40 சதவீதம் இல்லை என்று காரணம் சொல்லி, தேர்வு எழுத உதவியாளரை மறுத்தது யு.பி.எஸ்.சி. நியாயமான வசதி என்பது எல்லா மாற்றுத்திறனாளிகளுக்குமான உரிமை, அதை 40 சதவீதத்தோடு முடிச்சுப்போடக் கூடாது என்றது நீதிபதி டி.ஒய். சந்திரசூட் எழுதிய தீர்ப்பு. அதே ஆண்டு நவம்பரில் அவ்னி பிரகாஷ் வழக்கு. எழுத்துக் குறைபாடான டிஸ்கிராஃபியா உள்ள அந்த மாணவிக்கு நீட் தேர்வில் தர வேண்டிய கூடுதல் நேரத்தைத் தராமலே தேர்வு மையத்தில் விடைத்தாளைப் பிடுங்கிவிட்டார்கள். அந்த அநீதியைச் சரிசெய்யும்படி தேசியத் தேர்வு முகமைக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. இந்த இரண்டு வழக்குகளின் பெயரையும் ஆண்டையும் கடிதத்தில் ஒரு வரி சேர்த்தால், பள்ளி முதல்வரின் நாற்காலி கொஞ்சம் நிமிரும்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது, சொல்லித்தான் ஆக வேண்டும். ஒன்பதாம் வகுப்பு முடியும்வரை ‘என் பிள்ளைக்கு ஒன்றுமில்லை’ என்றிருந்துவிட்டு, பத்தாம் வகுப்பில் ஸ்க்ரைபும் கூடுதல் நேரமும் வாங்குவதற்காக மட்டும் சான்றிதழ் தேடி ஓடும் பெற்றோரும் உண்டு. அவர்களால் உண்மையாகவே தேவைப்படும் பிள்ளை மீதும் சந்தேகம் விழுகிறது. மூன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் திணறும்போதே பரிசோதனைக்கு எழுதிக் கேளுங்கள். சீக்கிரம் கண்டுபிடிப்பது பள்ளியின் கடமை என்று சட்டமே சொல்லியிருக்கிறது. பள்ளியிலேயே ஆரம்பப் பரிசோதனை செய்ய என்.சி.இ.ஆர்.டி. 2022-ல் ‘பிரசஸ்த்’ என்ற சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டிருக்கிறது. 21 வகைக்கும் சேர்த்து, ஆசிரியர்களுக்கான பட்டியல் அது.

வீட்டில் தமிழ், வகுப்பில் மலையாளம்

ஆ. மாதவன் கதைகளில் மணக்கும் சாலைத் தெருவிலும், கரமனையிலும், வலியசாலையிலும் தலைமுறைகளாகத் தமிழ் பேசும் வீடுகள் இருக்கின்றன. அந்த வீடுகளில் பேச்சு தாமதமாகும் ஒரு குழந்தைக்கு முதலில் கிடைக்கும் யோசனை: ‘ரெண்டு பாஷை குழப்பும். வீட்டிலேயும் மலையாளம் மட்டும் பேசுங்க, இல்லாட்டி இங்கிலீஷ் மட்டும்.’ அன்று முதல் பாட்டி வாயை மூடிக்கொள்கிறாள். ‘சாப்பிட்டியாடா கண்ணா’ என்று கேட்கும் ஒரே ஆளும் அந்தக் குழந்தைக்கு இல்லாமல் போகிறாள்.

இந்த யோசனைக்கு ஆய்வுகளின் ஆதரவு இல்லை. இரண்டு மொழிச் சூழலில் வளரும் ஆட்டிசக் குழந்தைகள், ஒரே மொழியில் வளரும் ஆட்டிசக் குழந்தைகளைவிடப் பேச்சில் பின்தங்குவதில்லை என்பதையே பல நாட்டு ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. அம்மாவுக்கு எந்த மொழியில் கொஞ்ச வருமோ, கோபிக்க வருமோ, அந்த மொழியில்தான் குழந்தைக்குப் பேச்சு அதிகம் கிடைக்கும். தெரபிஸ்டிடம் இதைத் தைரியமாகக் கேளுங்கள்: பரிசோதனையை எந்த மொழியில் செய்தீர்கள்? தமிழில் ‘பந்து’ என்று சொல்லும் பிள்ளை, மலையாளக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்பதற்காக, ‘சொல் இல்லை’ என்று அறிக்கையில் ஏறிவிடக் கூடாது. பரிசோதனை நாளில் பாட்டியைக் கூட்டிப்போங்கள். வீட்டில் பேசும் வீடியோவைக் காட்டுங்கள். குழந்தைக்குத் தெரிந்த சொற்களை ஒரு நோட்டில் எழுதி எடுத்துப்போங்கள்.

பள்ளியில் மொழிச்சுமை வேறு காத்திருக்கிறது. 2017-ல் வந்த சட்டப்படி கேரளத்தின் எல்லாப் பள்ளிகளிலும் பத்தாம் வகுப்பு வரை மலையாளம் படிக்க வேண்டும். கூட ஆங்கிலம், ஹிந்தி. டிஸ்லெக்சியா உள்ள தமிழ்ப் பிள்ளைக்கு நான்கு எழுத்து வரிசைகள்! மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 17-வது பிரிவு இங்கே கை கொடுக்கிறது. தேர்வில் கூடுதல் நேரம், எழுத உதவியாளர் ஆகியவற்றோடு, இரண்டாம், மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கும் தரலாம் என்று அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. சி.பி.எஸ்.இ.யில் மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதல், மூன்றாம் மொழி விலக்கு எல்லாம் நடைமுறையில் உள்ளவை. கேட்காமல் எதுவும் வீடு தேடி வராது.

‘முன்னேற வேண்டும்’ என்பது திட்டமா?

ஐ.இ.பி. என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு குழந்தைக்கென்று தனியாகப் போடும் கல்வித் திட்டம். அமெரிக்காவில் 1975 முதல் இது சட்டம்; திட்டம் போடும் மேசையில் பெற்றோருக்கு நாற்காலி போட்டே ஆக வேண்டும். ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவனின் பெற்றோர் தொடுத்த எண்ட்ரூ வழக்கில் 2017-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், பெயருக்கு ஏதோ கொஞ்சம் முன்னேற்றம் என்றால் போதாது, அந்தக் குழந்தையின் நிலைக்குத் தக்க முன்னேற்றத்தைத் திட்டம் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இங்கே அந்த நாற்காலிக்குச் சட்ட உத்தரவாதம் இல்லை. திட்டத்தைப் போட்டு முடித்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்கு மட்டும் பெற்றோரைக் கூப்பிடும் பழக்கம்தான் பரவலாக இருக்கிறது.

அந்தக் காகிதத்தை வாங்கிப் படித்துப் பாருங்கள். ‘கவனம் மேம்பட வேண்டும்’, ‘சமூகத் திறன் வளர வேண்டும்’, ‘கணிதத்தில் முன்னேற வேண்டும்’. போன வருஷமும் இதே வரிகள். அடுத்த வருஷமும் இதே வரிகள் வரும். இவற்றை எந்தக் குழந்தையின் பெயர் போட்டும் அச்சடிக்கலாம். எழுதத் தெரிந்த சிறப்பு ஆசிரியர் இப்படி எழுதுவார்: ‘ஓணத் தேர்வுக்கு முன், காலை அசெம்பிளியின்போது தேவைப்பட்டால் மஞ்சள் அட்டையைக் காட்டி வெளியே போய், ஐந்து நிமிடத்தில் தானாகத் திரும்புவான். வாரம் ஐந்து நாளில் மூன்று நாளாவது இது நடக்க வேண்டும். கவனித்துக் குறிப்பவர்: வகுப்பு ஆசிரியர்.’ என்ன, எப்போதுக்குள், எத்தனை முறை, யார் பார்ப்பது — நாலும் இருக்கிறது. நடந்ததா இல்லையா என்று பிறகு யாரும் மழுப்ப முடியாது. இப்படி இல்லாத காகிதத்தில் கையெழுத்துப் போட அவசரப்பட வேண்டாம். ‘வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டுத் தருகிறேன்’ என்று சொல்ல எந்தச் சட்டமும் தடையில்லை.

ஆசிரியர் எங்கே?

வகுப்பு ஆசிரியரை வில்லனாக்கிவிடுவது எளிது. 2018-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, நாட்டின் ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகளைப் பார்த்தது. காது, வலிப்பு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு உட்பட ஒன்பது வகைச் சிக்கல்களில் ஏதாவது ஒன்று கிட்டத்தட்ட எட்டில் ஒரு குழந்தைக்கு இருந்தது. நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஐந்து பேர் என்று கணக்குப் போடலாம். ஒற்றை ஆளாக நிற்கும் டீச்சர் என்ன செய்வார்?

இதற்காகத்தான் சிறப்பு ஆசிரியர். ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விகிதம் சொன்னது: தொடக்க வகுப்புகளில் பத்து சிறப்புத் தேவைக் குழந்தைக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்துக்கு ஒருவர். 2025 மார்ச்சில் அதே நீதிமன்றம், மாநிலங்கள் பணியிடங்களை அறிவித்து நியமனத்தைத் தொடங்க வேண்டும் என்று மறுபடியும் உத்தரவிட வேண்டி வந்தது. கேரளத்தில் ஒன்றிய அரசு நிதி தரும் சமக்ர சிக்ஷா பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வேலை பார்க்கும் ‘ரிசோர்ஸ் டீச்சர்’கள் நெடுங்காலமாக ஒப்பந்த ஊழியர்கள். இந்தக் குழந்தைகளுக்கு முகம் பழகவே ஒரு பருவம் பிடிக்கும். பழகின பிறகு ஆள் மாறினால் எல்லாம் முதலிலிருந்து. போதாததற்கு பி.எம்.ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் பள்ளித் திட்டத்தில் கையெழுத்திடும் தகராறில் சமக்ர சிக்ஷா பணத்தை ஒன்றிய அரசு கேரளத்துக்கும் நிறுத்தியது, தமிழ்நாட்டுக்கும் நிறுத்தியது. தமிழ்நாட்டுக்கு மட்டும் 2,152 கோடி. இந்தச் சிறப்பு ஆசிரியர்களின் சம்பளமும் அந்தப் பணத்தில்தான் வருகிறது. டெல்லிக்கும் மாநிலத்துக்கும் நடக்கும் சண்டையில் ஆட்டிசக் குழந்தையின் டீச்சர் சம்பளம் மாட்டிக்கொள்வதை எந்தக் கொள்கையின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது.

தனியார் பள்ளிகள் வேறு வழி கண்டுபிடித்திருக்கின்றன. ‘ஷேடோ டீச்சர் ஒருத்தரை நீங்களே போட்டுக்கோங்க.’ பள்ளிக் கட்டணமும் கட்டி, கூட உட்காரும் ஆளுக்குச் சம்பளமும் பெற்றோரே தர வேண்டும். முடியாவிட்டால் அம்மா வேலையை விட்டுவிட்டு வந்து பெஞ்சில் உட்கார வேண்டும். சிறப்பு ஆசிரியரை நியமிக்கும்படி சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளுக்கு 2015-லேயே சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. உங்கள் பள்ளியின் சிறப்பு ஆசிரியர் யார், அவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு இருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஷேடோ டீச்சர் செலவைப் பெற்றோர் தலையில் கட்டுவது, சட்டம் பள்ளிக்குச் சொன்ன கடமையைத் திருப்பி விடும் வேலை. இதில் கல்வித் துறை வாய் திறக்காமல் இருப்பது அந்தப் பள்ளிகளுக்குத் தைரியம் கொடுக்கிறது.

இவ்வளவையும் அம்மாக்கள்தான் செய்து தீர வேண்டும் என்று சொல்ல மனம் வரவில்லை. தெரபிக்கு அலைந்து, ராத்திரி தூங்காத பிள்ளையோடு விழித்திருந்து, மறுநாள் சட்டப் பிரிவும் மனப்பாடம் செய்ய வேண்டுமா? முழு நேரமும் பராமரிப்பவர்களுக்குக் கேரள அரசு ‘ஆஸ்வாசகிரணம்’ திட்டத்தில் தரும் தொகை மாதம் 600 ரூபாய்; மருத்துவக் கல்லூரிக்கு ஆட்டோவில் சில நடை போய்வந்தாலே கரைந்துவிடும்.

எனவே கடைசி வேண்டுகோள், இந்தச் சிக்கல் இல்லாத குழந்தைகளின் பெற்றோருக்கு. ஒரு குழந்தையைப் பள்ளி வெளியே தள்ளும்போது அதிகம் சொல்லும் காரணம் ‘மத்த பேரன்ட்ஸ்’. அந்த மத்த பேரன்ட்ஸ் நாம்தான். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ‘அந்தப் பையன் தொந்தரவு, எல்லாருமா சேர்ந்து எச்.எம்.மிடம் எழுதிக் கொடுக்கலாம்’ என்று ஒருவர் தொடங்குவார். உங்களிடமும் கையெழுத்துக்கு வருவார்கள். போடாதீர்கள். அதற்குப் பதில் அடுத்த பி.டி.ஏ. கூட்டத்தில் எழுந்து நின்று, நம் பள்ளிக்கு ஏன் இன்னும் ஒரு சிறப்பு ஆசிரியர் வரவில்லை என்று கேளுங்கள். கேட்ட கேள்வியை மினிட்ஸ் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.